மனப்பான்மை மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

"முதல்ல டீச்சர்ஸோட மனப்பான்மை மாறணும்." உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிலரங்குகளில் இந்த வாக்கியம் எப்படியும் ஒருமுறை வந்துவிடும். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதில் வரிசை தலைகீழாக இருக்கிறது. கருவியை வைத்து ஒரு பாடம் நன்றாக நடக்கவேண்டும், அதன் பலன் மாணவனிடம் தெரியவேண்டும். அதற்குப் பிறகுதான் ஆசிரியரின் மனம் மாறுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் கஸ்கி 1986இலேயே இதைச் சொன்னார்: பயிற்சி கொடுத்தால் நம்பிக்கை மாறும், நம்பிக்கை மாறினால் கற்பித்தல் மாறும் என்று நினைக்கிறோம்; உண்மையில் கற்பித்தலில் சிறு மாற்றம் செய்து, மாணவரிடம் முன்னேற்றத்தைக் கண்ட பிறகே ஆசிரியரின் நம்பிக்கை மாறுகிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில், அதிலும் தமிழ் வகுப்புகளில், இது அப்படியே பொருந்துகிறது.

தயங்குகிற ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டால் தெரியும். "எனக்குக் கணினியே பிடிக்காது" என்பவர் அரிது. "லாகின் பண்ணவே பத்து நிமிஷம் போயிடுது", "தமிழ்ல டைப் பண்ணச் சொன்னா பாதிப் பேர் உட்கார்ந்து முழிக்கிறாங்க", "எழுதினது அவன் எழுதினதா, மெஷின் எழுதினதான்னே தெரியல". இவற்றை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பில் நடந்ததை வைத்துப் போட்ட கணக்குகள் இவை. கணக்குக்குக் கணக்காகத்தான் பதில் சொல்லவேண்டும். ஊக்க உரை உதவாது.

நம் ஊரின் நிலைமையையும் நினைவில் வைக்கவேண்டும். கல்வி அமைச்சின் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் 1997இல் வந்தது. இரு மாணவருக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினிவழிக் கற்றல் என்பவை அதன் இலக்குகள். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான திட்டம். ஆனால் நேரத்தை விழுக்காட்டில் அளக்கும்போது, "எதற்குப் பயன்படுத்தினேன்" என்ற கேள்வியைவிட "எவ்வளவு பயன்படுத்தினேன்" என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தின் சாயல் இன்றும் சில பள்ளிகளில் இருக்கிறது. 2018இல் கல்வி அமைச்சின் இணையவழி மாணவர் கற்றல் தளம், அதாவது எல்லாரும் சொல்லும் எஸ்எல்எஸ், எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. கொவிட் பரவலால் 2020 ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது விரும்பியவர், விரும்பாதவர் எல்லாரும் அதற்குள் நுழைந்தார்கள். உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற திட்டத்துக்கு முதலில் 2028 வரை காலம் இருந்தது. அதை 2021 இறுதிக்கு முன்னகர்த்தினார்கள்.

ஆகவே சாதனம் இல்லை என்ற காரணம் இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆசிரியர்களின் தடைகளை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெக்கி எர்ட்மர் 1999இல் இரண்டாகப் பிரித்தார்: சாதனம், நேரம், பயிற்சி போன்ற வெளித்தடைகள் ஒரு வகை, நம்பிக்கை, கற்பித்தல் பற்றிய பார்வை போன்ற உள்தடைகள் இன்னொரு வகை. சாதனம் வந்தபிறகும் பயன்பாடு வளரவில்லையென்றால் மிச்சமிருப்பது உள்தடைதான் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. இரண்டுக்கும் நடுவே பாடத்துக்கே உரிய சிறுசிறு சிக்கல்கள் நிறைய இருக்கின்றன. கணித ஆசிரியருக்கு வராத தொல்லை தமிழாசிரியருக்கு வரும். பொதுப் பயிலரங்கில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதல் பத்து நிமிடம்

தமிழ் வகுப்பின் அமைப்பு பலருக்குத் தெரியாது. தாய்மொழிப் பாடவேளையில் மாணவர்கள் மூன்று, நான்கு வகுப்புகளிலிருந்து எழுந்து வருவார்கள். ஆசிரியருக்கும் சொந்த அறை இருக்காது. வேறொரு வகுப்பின் அறையில் நுழைந்து, அங்கிருக்கும் புரொஜெக்டர் கம்பி தன் மடிக்கணினிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு மணிநேரப் பாடவேளையில் ஐந்து நிமிடம் நடையிலேயே போய்விடும். அதன்பிறகு சாதனத்தைத் திறந்தால் ஒருவனுக்கு மின்கலத்தில் 4 விழுக்காடு மிச்சம், ஒருத்திக்குப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும், ஒருவனுக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். பதினெட்டுப் பேர் வகுப்பில் இருவருக்குச் சிக்கல் என்றாலும் ஆசிரியர் அந்த இருவர் பக்கத்தில் நிற்பார். மற்றப் பதினாறு பேர் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு வழி, பாடத்தைச் சாதனத்தில் தொடங்காமல் இருப்பது. முதல் எட்டு நிமிட வேலை தாளில் இருக்கட்டும். ஒரு படம், இரண்டு கேள்விகள், மூன்று வரி பதில் போதும். எழுதும்போதே சாதனத்தைத் திறந்து, எஸ்எல்எஸ்ஸில் நுழைந்து, அன்றைய பாடத்தின் முதல் பக்கத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டால், நுழைய முடியாதவர் யார் என்பது தாள்வேலை முடிவதற்குள் தெரிந்துவிடும். அந்த இருவரைப் பக்கத்து மாணவரோடு இணைத்துவிட்டுப் பாடத்தை நடத்தலாம். கடவுச்சொல்லை இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பள்ளியில் யார் மாற்றிக்கொடுப்பார் என்பதைத் தவணையின் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

கடவுச்சொல் விஷயத்தில் தமிழ் வகுப்புக்கே உரிய ஒரு காரணம் உண்டு. முந்தைய பாடத்தில் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிய மாணவன் அதைத் திருப்பி மாற்றியிருக்க மாட்டான். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால், தான் அடிப்பது தமிழ் எழுத்து என்பதே அவனுக்குத் தெரியாது. நாலைந்து முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளவும் கூடும். "கடவுச்சொல் தவறு என்று வந்தால் முதலில் மொழியைப் பார்" என்று பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தாலே இந்தப் புகார்கள் குறையும்.

அறிவிப்புப் பட்டியலில் அன்றைய பாடம் எது என்று தேடுவதும் நேரத்தைத் தின்னும். பாடத்தின் பெயரில் முதலில் தேதியைப் போடுங்கள், பிறகு வகுப்பு, பிறகு தலைப்பு. "வாசிப்புப் பயிற்சி 3" என்று மட்டும் இருந்தால் நிச்சயம் நான்கு பேர் "வாசிப்புப் பயிற்சி 2"க்குள் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று, ஐந்து நிமிட விதி. இணையமோ தளமோ நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் போராடக் கூடாது. அதே பாடத்தின் தாள் வடிவம் கோப்பில் இருக்கவேண்டும், உடனே அதற்கு மாறிவிடவேண்டும். பார்வைக்கு இது பின்வாங்கலாகத் தெரியலாம். ஆனால் மாற்றுவழி கையில் இருக்கும் ஆசிரியர்தான் அடுத்த வாரமும் சாதனத்தைத் திறக்கத் துணிவார்.

தமிழில் தட்டச்சு: உண்மையான முட்டுக்கட்டை

இதைப் பற்றி விரிவாகவே பேசவேண்டும், ஏனென்றால் தமிழாசிரியர்களின் தயக்கத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

சாதனங்களில் கிடைக்கும் தமிழ் விசைப்பலகைகளில் மாணவர்கள் பயன்படுத்துவது இரண்டு வகை. ஒன்று, ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்ப அடித்தால் தமிழாக மாறுவது. அஞ்சல் முறை இந்த வகை. மற்றொன்று தமிழ்99. இது 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு. ஐபேடு, குரோம்புக் இரண்டிலும் தமிழ்99 உண்டு. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். மாணவர் சாதனங்களைப் பள்ளி தொலைவிலிருந்து கட்டுப்படுத்த உதவும் சாதன மேலாண்மைச் செயலி அமைப்புகளைப் பூட்டி வைத்திருந்தால் மாணவரால் சேர்க்கமுடியாது. எனவே வகுப்புக்கு முன்பே ஒரு மாணவர் சாதனத்தை வாங்கிச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

மாணவர்கள் ஒலிபெயர்ப்பு முறையையே விரும்புவார்கள், புதிதாக எதையும் கற்கவேண்டியதில்லை என்பதால். அங்கேதான் தமிழாசிரியரின் தலைவலி தொடங்குகிறது. அஞ்சல் முறையில் ல, ள இரண்டுக்கும் ஒரே எல் விசைதான். ஷிஃப்ட் அழுத்தினால் ள. ர, ற அப்படித்தான். ன, ண அப்படித்தான். அவசரத்தில் ஷிஃப்ட் அழுத்தாத மாணவன் "பள்ளிக்குப் போனேன்" என்பதற்குப் "பல்லிக்குப் போனேன்" என்று எழுதியிருப்பான். இது எழுத்துப்பிழையா, விரல் சோம்பலா? ஆசிரியரால் சொல்லமுடியாது. லகர ளகர வேறுபாடு தெரியாதவனுக்கும் தெரிந்து அவசரப்பட்டவனுக்கும் ஒரே சிவப்புக்கோடு. போதாததற்கு, சொல் பரிந்துரை வசதி திறந்திருந்தால் தெரியாதவனுக்கும் சரியான சொல்லை எடுத்துக்கொடுத்துவிடும். "கையால எழுதினாதான் அவனுக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியும்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அது பழமைவாதம் ஆகாது. மதிப்பீட்டில் உள்ள உண்மையான ஓட்டை ஒன்றை அவர் சுட்டிக்காட்டுகிறார்.

உயர்நிலை 1இலேயே தமிழ்99ஐப் பழக்கிவிடுவதுதான் சரி என்பது என் கணிப்பு. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை. ல வேறு, ள வேறு, ழ வேறு. மாணவன் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும், எனவே பிழை பிழையாகவே தெரியும். உயிர் எழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, ஃ, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. புள்ளி வைக்க ஃ விசை. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ந அடித்துத் த அடித்தால் "ந்த" ஆகும். ம அடித்துப் ப அடித்தால் "ம்ப" ஆகும். ஆகவே "தம்பி"க்கு த, ம, ப, இ என்று நான்கே தட்டல்கள். "பந்து"க்கும் நான்குதான்.

கற்பிக்கும்போது முழுப் பலகையையும் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். வாரம் ஒருமுறை, பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம், ஒரு தவணை முழுக்க. முதல் இரண்டு வாரம் நடுவரிசை மட்டும்: மதி, நகம், இதயம், உதயம், பந்து, தம்பி, மயக்கம். இத்தனை சொற்களும் அந்தப் பதினொரு விசைகளில் அடங்கிவிடுகின்றன. மூன்றாம் வாரம் மேல்வரிசையின் நெடில்கள்: ஆ, ஈ, ஊ, ஏ, ஐ. அப்போதுதான் "அம்மா" வரும். அடுத்து ட, ண, ள, ற, ன. பிறகு கீழ்வரிசையில் ர, ல, வ, ழ, ஒ, ஓ. ச, ஞ இரண்டும் வலக்கோடியில் இருப்பதால் அவற்றைத் தேடி மாணவர்கள் தடுமாறுவார்கள். அவற்றுக்கென்று ஒரு நாள் ஒதுக்கலாம். வேகப்போட்டி வைப்பதானால் பிழையில்லாத சொற்களை மட்டும் எண்ணுங்கள். இல்லையென்றால் வேகம் மட்டும் வளரும்.

ஒரு பள்ளியில் தமிழாசிரியர் இருவரோ மூவரோ இருப்பார்கள். எந்த விசைப்பலகை என்பதில் அவர்களுக்குள் ஒரே முடிவு இருக்கவேண்டும். உயர்நிலை 1இல் ஒன்று, உயர்நிலை 2இல் வேறொன்று என்றால் மாணவன் இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தில் அடித்து மொழிபெயர்ப்புக் கருவியிடம் போய்விடுவான்.

தட்டச்சுத் தடையைத் தாண்டினால் அடுத்து வருவது தானியங்கித் திருத்தம். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் மாணவன் சரியாகவே எழுதியிருப்பான், கணினி தவறு என்று காட்டும். காரணம் பெரும்பாலும் யூனிகோடு, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. "கௌரவம்" என்ற சொல்லின் முதல் எழுத்தை ஔகாரக் குறியோடு ஒரே எழுத்தாக அடிக்கவேண்டும். ஆனால் பலர் "கெ" அடித்து, பக்கத்தில் "ள" அடித்து "கெளரவம்" என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. "ஔவை"யும் இப்படித்தான் "ஒளவை" ஆகிறது. விடைக்குறிப்பைத் தட்டச்சு செய்த ஆசிரியரே தவறான வடிவத்தைப் போட்டிருந்தால் சரியாக எழுதிய மாணவர்கள் அத்தனை பேருக்கும் பூச்சியம் விழும். சொல்லின் முடிவில் ஒட்டிக்கொண்ட இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். பழைய பிடிஎஃப் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் "கொ" உடைந்து, கொம்பு முன்னால் தனியே போய் நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அமைந்த பயிற்சித்தாளாக இருந்தால் எல்லாம் குழப்பக் குறிகளாகவே வரும். அவற்றை மீண்டும் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நடைமுறையில், நிரப்பும் கேள்விக்கு ஏற்கத்தக்க விடைகளில் இரு வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். ஔகாரம் வரும் சொற்களையோ ஸ்ரீ வரும் சொற்களையோ தானியங்கித் திருத்தத்துக்கு வைக்காமலிருப்பது இன்னும் நல்லது. ஸ்ரீயையும் இரு விதமாகக் குறியேற்ற முடியும். மாணவருக்கு அனுப்புமுன் ஒருமுறை நீங்களே மாணவராக விடையளித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். சரியான விடைக்குத் தவறு என்று காட்டிய தளத்தை மாணவன் அதன்பிறகு நம்புவதில்லை, ஆசிரியரும் நம்புவதில்லை. மனப்பான்மை கெடுகிற இடம் இதுதான், மிகத் துல்லியமாக.

எங்கே பயன் கண்கூடாகத் தெரிகிறது

தமிழ் வகுப்பில் தொழில்நுட்பம் தன் மதிப்பை எளிதாகக் காட்டும் இடம் எழுத்தைவிடப் பேச்சு. நம் மாணவர் பலரின் வீட்டில் ஆங்கிலமே ஓங்கியிருக்கிறது. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் முறை மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று வலியுறுத்தியது. வாய்மொழித் தேர்வும் இப்போது காணொளியைப் பார்த்துக் கருத்துரைப்பதாக இருக்கிறது. ஆனால் பதினெட்டு மாணவரிடம் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் 90 நிமிடம் ஆகும். அதனால்தான் பேச்சுப் பயிற்சி தேர்வு நெருங்கும்போது மட்டும் தலைகாட்டுகிறது.

ஒலிப்பதிவு இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. எஸ்எல்எஸ்ஸில் ஒரு காணொளியைப் போட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டு, 60 விநாடிக்குள் குரல்பதிவாகப் பதில் கேளுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆசிரியர் பிறகு 18 நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். வாய் திறக்காத மாணவியின் குரலும் அதில் இருக்கும். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் குனிந்துகொள்பவள் தன் சாதனத்திடம் பேசிவிடுவாள். தொழில்நுட்பத்தில் ஆர்வமில்லாத ஆசிரியரும் நிமிர்ந்து உட்கார்வது அந்தக் குரலைக் கேட்கும்போதுதான்.

இதிலும் தவறாகப் போக வாய்ப்புகள் உண்டு. ஒரே அறையில் பதினெட்டுப் பேர் பேசினால் பதிவில் பக்கத்து மாணவன் குரல்தான் தெளிவாக விழும். பாதிப் பேரை நடைபாதைக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் அப்போது குறிப்பெழுதட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒலிவாங்கியுள்ள கம்பிவழிக் காதணிபேசி நல்லது. கம்பியில்லாதவை பக்கத்துச் சாதனத்தோடு இணைந்துகொண்டு குழப்பும். உலாவி முதல்முறை ஒலிவாங்கிக்கு அனுமதி கேட்கும்போது "வேண்டாம்" என்று அழுத்தியவனுக்கு அடுத்தமுறை கேள்வியே வராது, அமைப்புகளில் போய்த்தான் மாற்றவேண்டும். அனுப்புமுன் தன் பதிவைத் தானே ஒருமுறை கேட்கவேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். பாதி மாணவர்கள் அதைக் கேட்டதும் தாங்களாகவே மறுபதிவு செய்வார்கள், அந்த மறுபதிவுதான் பயிற்சி. திருத்தம் சொல்லும்போது ஆளுக்கு இரண்டே குறிப்புகள்: ஒன்று நன்றாக இருந்தது, ஒன்று மாற்றவேண்டியது. பத்துக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் மூன்றாம் வாரத்தோடு நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

எழுத்துவேலையில் இன்றைய கவலை செயற்கை நுண்ணறிவு. எஸ்எல்எஸ்ஸிலேயே குறுவிடைகளுக்குக் கருத்துரைக்கும் வசதியும் பாடம் அமைக்க உதவும் வசதியும் வந்துவிட்டன. பாடத் திட்டத்தின் முதல் வரைவுக்கு அவை உதவும். தமிழ் எழுத்தைத் திருத்துவதை முழுக்க அவற்றிடம் விட முடியாது. சந்தியில் தடுமாறுகின்றன, இயல்பான சொல்லாட்சியைச் செயற்கையான நடைக்கு மாற்றச் சொல்கின்றன. மாணவர் பக்கத்தில், கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் அடையாளம் தெரியும்: நண்பனை "நீங்கள்" என்று அழைப்பான், "அவனால் கதவு திறக்கப்பட்டது" என்று செயப்பாட்டு வினையாக அடுக்குவான், தமிழில் விட்டுவிடக்கூடிய எழுவாயை வாக்கியந்தோறும் வைப்பான். கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மாணவன்மேல் குற்றம் சுமத்த வேண்டாம், அவை தவறலாம். கட்டுரைக்கான குறிப்புச்சட்டத்தை வகுப்பிலேயே கையால் எழுத வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடித்த கட்டுரையிலிருந்து ஒரு பத்தியைக் காட்டி "இதை உன் சொல்லில் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் எழுதியது யாராக இருந்தாலும் கற்றிருக்கிறான்.

சந்தேகப்படும் ஆசிரியரைப் பிற்போக்கானவர் என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு 2024 ஆகஸ்டு நல்ல சான்று. மாணவர் சாதனங்களில் இருந்த மேலாண்மைச் செயலியில் ஊடுருவல் நடந்து, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. சாதனத்தில் மட்டும் குறிப்புகளை வைத்திருந்தவர்கள் தேர்வு நெருங்கும் வேளையில் தவித்தார்கள். குறிப்பேடு தாளில் இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்த ஆசிரியர்களின் மாணவர்களுக்கு அன்று இழப்பு குறைவு. இப்போதும், சொற்பட்டியல், கட்டுரைத் திருத்தம், தேர்வுக் குறிப்பு மூன்றும் தாளில் இருக்கவேண்டும். சாதனத்தில் எழுதியவை பள்ளிக் கணக்கின் மேகச் சேமிப்பில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை வகுப்பிலேயே திறந்து காட்டச் சொல்லலாம்.

கைப்பேசியைப் பற்றி ஒரு வரி. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்படப் பள்ளி நேரம் முழுக்கக் கைப்பேசிக்குத் தடை. வினாடி வினாவுக்குக் கைப்பேசியை நம்பியிருந்தவர்கள் அதைக் கற்றல் சாதனத்துக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். கற்றல் சாதனங்களும் இயல்பமைப்பாக இரவு 10.30க்கு நின்றுவிடும். எனவே "இன்றிரவு 11.59க்குள்" என்று கெடு வைப்பதில் பொருளில்லை.

பள்ளி செய்யவேண்டியது

ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணிநேரம் வரை பயிற்சிக்கு உரிமை உண்டு. அதில் பெரும்பகுதி ஒரு பிற்பகலில் எல்லாப் பாட ஆசிரியரையும் ஒரே அரங்கில் உட்காரவைத்துப் புதிய கருவி ஒன்றைக் காட்டுவதில் போய்விடுகிறது. காட்டுபவர் ஆங்கில உதாரணத்தோடு காட்டுவார். தமிழாசிரியர் மனத்தில் "இதில் தமிழ் சரியாக விழுமா" என்ற கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு அங்கே பதில் இருக்காது.

அந்த நேரத்தை இப்படிச் செலவிடலாம். ஒரு தவணைக்கு ஒரே ஒரு கருவி, ஒரே ஒரு பாடம். அந்தப் பாடத்தை முதலில் நடத்தும்போது சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கட்டும். கவனித்து மதிப்பெண் போடும் வேலை அவருக்கு வேண்டாம். நுழையமுடியாத இருவருக்கு உதவினால் போதும். கணினித் தொழில்நுட்பர் அந்த ஒரு பாடவேளைக்கு அதே மாடியில் இருந்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் பத்து நிமிடம் பேசி, தடங்கல்களைக் குறித்துக்கொண்டு, அதே பாடத்தை அதே வாரத்தில் இன்னொரு வகுப்புக்கு நடத்தவேண்டும். இரண்டாம் முறை நடத்துவதுதான் முக்கியம். முதல்முறை தடுமாறிய பாடம் இரண்டாம்முறை ஓடும்போதுதான் ஆசிரியருக்குக் கை படிகிறது. முதல்முறையோடு நிறுத்தினால் மனத்தில் தங்குவது தடுமாற்றம் மட்டுமே. அந்த இரு பாடங்களையும் ஆண்டுத் தரமதிப்பீட்டுக்கான வகுப்புப் பார்வையில் சேர்க்கக் கூடாது என்று பள்ளித் தலைமை வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும்.

பள்ளிக்கு இருவர் மூவராகச் சிதறிக் கிடக்கும் தமிழாசிரியர்களுக்குப் பக்கத்துப் பள்ளிதான் துணை. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் கூடும்போது, வெற்றிக்கதைகளோடு நின்றுவிடாமல், சோதித்துப் பார்த்த பாடக் கோப்புகளையும் பகிர்ந்துகொள்ளலாம். எந்த நிரப்புக் கேள்வி எந்தச் சொல்லில் சொதப்பியது என்ற பட்டியல் ஒன்றே பலரின் மாலைநேரத்தைக் காப்பாற்றும்.

ஆண்டிறுதியில் "தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த எவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறீர்கள், 1 முதல் 5 வரை" என்று படிவம் அனுப்புவதற்குப் பதிலாக வேறு மூன்றைக் கேட்கலாம். இந்த ஆண்டு எந்தப் பாடத்தை இரண்டாம் முறையும் சாதனத்தோடு நடத்தினீர்கள்? எதைத் தாளுக்குத் திருப்பினீர்கள், ஏன்? எத்தனையாவது நிமிடத்தில் பாடம் உண்மையில் தொடங்கியது? வரும் பதில்களைப் பாடவாரியாகப் பிரித்து, தமிழ்ப் பதில்களைத் தமிழ்த்துறையிடமே கொடுத்துவிட்டால், அடுத்த ஆண்டின் முதல் தவணையில் எந்தப் பாடத்தைச் சரிசெய்வது என்று அவர்களே முடிவெடுத்துக்கொள்வார்கள்.